வராதவர்களின் கணக்கு

1

'தேவை' என்ற சொல்லை நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம். பசிக்குச் சோறு, சீக்குக்கு மருந்து. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒரு மருத்துவமனை ஒரு வட்டாரத்தின் தேவையை மதிப்பிட்டு அறிக்கை எழுதும்போது அந்தச் சொல்லுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. அறிக்கையில் ஏறியது தேவை, ஏறாதது இல்லாதது. கட்டடம், படுக்கை, மருந்து எல்லாம் அந்தப் பட்டியலின் பின்னால்தான் வருகின்றன. ஆகவே அதை டாக்டர்களின் விவகாரம் என்று விட்டுவிடாமல், மற்ற பிரதிகளைப் போலவே வாசிக்க வேண்டும் என்கிறேன். கோவில்பட்டியையும் அதைச் சுற்றிய கரிசல் காட்டையும் முன்வைத்து அந்த வாசிப்பைச் செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவில் 2010இல் வந்த சுகாதாரச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது. லாப நோக்கமற்றது என்று வரிவிலக்குப் பெறும் மருத்துவமனை, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் வட்டாரத்தின் சுகாதாரத் தேவைகளை மதிப்பிட்டு ஊரறிய வெளியிட வேண்டும். தவறினால் 50,000 டாலர் தண்டம். பணம் கட்ட இயலாதவர்க்கு என்ன உதவி என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வரிவிலக்கு என்பது பொதுப்பணம். அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள். நம்மூரில் தர்ம அறக்கட்டளையாகப் பதிவாகி வருமான வரி விலக்குப் பெறும் மருத்துவமனைகளிடம் சட்டம் இப்படியோர் அறிக்கையைக் கேட்பதில்லை.

ஆனாலும் இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. இத்தனை கருத்தடை ஆபரேஷன் என்று மேலிருந்து இலக்கு வைத்து விரட்டும் முறை 1995இல் தமிழகம், கேரளம் முழுவதிலும், 1996 ஏப்ரலில் நாடு முழுவதிலும் கைவிடப்பட்டது. 1997இல் அதன் பெயர் 'சமூகத் தேவை மதிப்பீட்டு அணுகுமுறை' என்று மாறியது. கிராம சுகாதாரச் செவிலியர் ஊராரைக் கலந்துகொண்டு ஆண்டுத் திட்டம் போட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அது குடும்பநலத் திட்டத்தின் படிவம். கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, கருத்தடை போன்றவற்றுக்குத்தான் அதில் கட்டம். தீப்பெட்டி ஆபீஸில் நாள்முழுக்கக் குந்தியிருந்து வேலை பார்ப்பவளின் இடுப்புவலிக்கும், கிழவனின் நெஞ்சுவலிக்கும், ஊரின் உப்புத் தண்ணீருக்கும் கட்டம் கிடையாது. ஊரிடம் கேட்கத்தான் சொன்னார்கள்; என்ன பதில் வரலாம் என்பதையும் முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள்.

2

சமூகத் தேவை என்பது நாலு விதம் என்று ஜோனதன் பிராட்ஷா என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1972இல் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினை நமக்கு உதவும்.

நிபுணர் இதுதான் தேவை என்று விதிப்பது ஒன்று. ரத்தத்தில் சர்க்கரை இன்ன அளவைத் தாண்டினால் மாத்திரை என்பது அந்த வகை. ஆள் தானாக உணர்வது இரண்டாவது: 'கை காலெல்லாம் எரியுது, ராத்திரி உறக்கமில்லை.' உணர்ந்ததோடு நிற்காமல் ஆஸ்பத்திரி வரிசையில் வந்து நிற்பது மூன்றாவது. இதை வெளிப்பட்ட தேவை என்கிறார். ஒரே நிலைமையில் உள்ள இரண்டு ஊரில் ஒன்றுக்குக் கிடைப்பது மற்றதற்குக் கிடைக்காமல் போவது நான்காவது, ஒப்பீட்டுத் தேவை.

மருத்துவமனையின் கையில் தயாராக இருப்பது மூன்றாவது வகையின் கணக்கு மட்டுமே. புறநோயாளிச் சீட்டு, படுக்கை எண்ணிக்கை, ஆபரேஷன் பதிவேடு. தன் வாசலுக்கு வந்ததை எண்ணி, ஊருக்கு இதுதான் சீக்கு என்று சொல்லிவிட முடிகிறது. தை, மாசியில் உளுந்தும் பாசியும் அறுப்புக்கு நிற்கையில் வேலையை விட்டுவிட்டு யார் வைத்தியத்துக்குப் போவார்கள்? அந்த மாதங்களில் வரிசை குறைந்தால் ஊர் சுகமாயிருக்கிறது என்று பதிவேடு சொல்லும். மருத்துவப் பார்வைக்குள் வந்த உடல் எப்படி அறிவாக மாறுகிறது என்று ஃபூக்கோ 1963இல் எழுதினார். புதூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறாத உடல் அறிவாகவும் மாறுவதில்லை, எண்ணாகவும் மாறுவதில்லை.

வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் இதையே ஒரு விதியாகச் சொன்னார். நல்ல மருத்துவம் அது அதிகம் தேவைப்படும் இடத்தில் குறைவாகவும், குறைவாகத் தேவைப்படும் இடத்தில் அதிகமாகவும் கிடைக்கிறது. சந்தையின் கை ஓங்க ஓங்க இது இன்னும் கூடும். வந்தவரை மட்டும் எண்ணும் மதிப்பீடு இந்த ஏற்றத்தாழ்வுக்குப் புள்ளிவிவரச் சான்றிதழ் கொடுப்பதோடு சரி.

3

வராதவரை எண்ணிப் பார்த்த மருத்துவமனை ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கரிசல்காட்டுக்காரர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அவர் 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கட்டணம் கொடுப்பவரின் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் வைத்தியம் என்ற அதன் ஏற்பாடு பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முகாமில் கண்புரை ஆபரேஷன் தேவை என்று சொல்லியும் வராமல் போனவர்களை அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1980களிலேயே தேடிப்போய்க் காரணம் கேட்டார்கள். ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் பஸ்சுக்குக் காசில்லை, போன இடத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை, கூடப் போக ஆளில்லை, பயம் வேறே. போக்குவரத்தும் சாப்பாடும் இலவசத்துக்குள் சேர்ந்ததை இதோடு வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கறாரானது: முகாம் நடந்த கிராமங்களில் கண்கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள். மீதி 93 பேரை எந்த முகாம் பதிவேடும் காட்டியிருக்காது. பின்னாளில் கிராமப்புறங்களில் நிரந்தரக் கண்பார்வை மையங்கள் வந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

இதற்கும் எல்லை உண்டு. கண்புரைக்கு ஒரு நாள் கத்தி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் இவையெல்லாம் மாதாமாதம், சாகும்வரை. அங்கேதான் 'கட்டுபடியாகுமா' என்ற கேள்வி முழு உருவத்தோடு வருகிறது.

4

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தால் மருத்துவச் செலவு சராசரியாக அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. ஆனால் அரசு ஆஸ்பத்திரியிலும் அது பூஜ்யமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே எடுக்கும் ஸ்கேன் போன்றவற்றுக்குப் போகிறது. வண்டிச் சத்தத்தையும், கூட இருப்பவரின் சாப்பாட்டையும், இரண்டு பேரின் நாள்சம்பளம் போவதையும் கட்டுபடியின் கணக்கில் அதற்கு மேலும் சேர்க்க வேண்டும்.

தமிழகம் இதில் சும்மா இருக்கவில்லை. 1994இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்தி அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை கிடைக்க வழிசெய்தது. 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2021இல் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. இவை இல்லையென்றால் நிலைமை எவ்வளவோ மோசம். ஆனால் காப்பீடு பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கும் ஆபரேஷனுக்கும்தான் கைகொடுக்கிறது; தனியார் டாக்டரிடமும் மெடிக்கலிலும் மாதாமாதம் கொடுக்கும் காசுக்கு அல்ல. ஈ.எஸ்.ஐ. பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறவள் அந்தப் பதிவேட்டில் இல்லை. திட்டம் ஒவ்வொன்றும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. வாசலுக்கு ஒரு காகிதம் வேண்டும்.

இதைவிட ஆழமான கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அது பேரிழப்புச் செலவு என்பது உலக அளவில் நெடுங்காலம் புழங்கிய கணக்கு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்த்தவர் இதில் அகப்படுவார். 'பாத்துக்கிடலாம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தவருக்குச் செலவே இல்லை. கணக்கின்படி அவருக்கு இழப்பும் இல்லை. வசதியுள்ளவரின் பூஜ்யமும் வழியற்றவரின் பூஜ்யமும் அட்டவணையில் ஒரே வட்டம்தான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் விடுபட்டவர் செலவுக் கணக்கிலும் விடுபடுகிறார். தேவை மதிப்பீடும் கட்டுபடி மதிப்பீடும் ஒரே ஆளை இருமுறை தவறவிடுகின்றன.

5

ஆகவே எந்த மருத்துவமனை, எந்த அரசுத்துறை இப்படியோர் அறிக்கையை நம்முன் வைத்தாலும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். யாரை எண்ணினீர்கள், வாசலுக்கு வந்தவரையா, ஊரில் இருப்பவரையா? வராதவரிடம் யாராவது போய்க் கேட்டீர்களா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில்? பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வீட்டில் இருப்பார்கள். ஊர் என்றால் எந்தத் தெரு? ஊர்ப் பெரியவர் நாலு பேரைக் கூட்டிக் கேட்டுவிட்டு 'சமூகம் சொன்னது' என்று எழுதினால், காலனிக்குள் யாரும் கால் வைத்தார்களா என்று நாம் கேட்க வேண்டும். செலவு என்பதில் நாள்சம்பளமும் வட்டியும் சேர்ந்ததா? கண்டுபிடித்த தேவைக்கு எதிரே இவ்வளவு பணம், இன்ன தேதி என்று ஒதுக்கியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கை விளம்பரத் தாள்தான். தனியார் மருத்துவமனைகளின் இலவச முகாம்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். முகாமில் பார்த்து 'மேல்சிகிச்சைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்பினவர்களில், போகாதவர்கள் என்ன ஆனார்கள்?

நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு சிறு குழு ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, வீடு விடாமல், ஓராண்டில் வந்த சீக்குகளையும் அவற்றில் வைத்தியம் பார்க்காமல் விட்டவற்றையும், ஏன் விட்டார்கள் என்பதையும் எழுதிவரட்டும். அரசு ஆஸ்பத்திரியில் எந்தெந்த டாக்டர் பணியிடம் காலி, எந்த மருந்து இருப்பில்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. காரணங்களைச் சொன்னால் போதும். கரிசலின் தேவை என்ன என்பதை இந்த ஊர்க்காரர்கள் எழுதித் தொடங்கும் பட்டியலாக அது இருக்கும். மருத்துவமனை அதற்குப் பதில் சொல்லட்டும்.