அலகை மூடினாலும் நடுவில் சந்து... நத்தைகுத்தி நாரை நத்தையை எப்படி சாப்பிடுகிறது தெரியுமா?

வெள்ளாற்றங்கரை ஊரான லப்பைக்குடிக்காடு தொடங்கி அரியலூரின் கரைவெட்டி ஏரி வரை, தண்ணி தேங்கிய வயல்களில் மெதுவாக நடந்துபோகும் பெரிய பறவைகளைப் பார்த்தால் பலரும் ‘கொக்கு’ என்று சொல்லிவிடுவோம். அதில் நத்தைகுத்தி நாரையும் இருக்கலாம்.

கொக்கா, நாரையா என்று கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி. பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொண்டால் கொக்கு. நேராக நீட்டிக்கொண்டு போனால் நாரை.

நத்தைகுத்தி நாரையின் உடல் சாம்பல் கலந்த வெள்ளை. இறக்கை ஓரமும் வாலும் பளபளக்கும் கருப்பு. இனப்பெருக்க காலம் வந்தால் சாம்பல் மறைந்து உடல் பளிச்சென்று வெள்ளையாகிவிடும். ஆனால் இதன் அடையாளமே அலகுதான். முழுசாக மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சுகளுக்கு இந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் உருவாகும்.

சந்து எதற்கு? பாக்குவெட்டி மாதிரி நத்தை ஓட்டை நொறுக்கத்தான் என்று ரொம்ப காலம் நம்பப்பட்டது. தண்ணிக்கு அடியிலேயே வேலை முடிந்துவிடுவதால் யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை. உண்மையில் அது பெரும்பாலும் ஓட்டை உடைப்பதே இல்லை! கீழ் அலகின் கூர்மையான நுனியை நத்தையின் வாய்க்குள் நுழைத்து, ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். ஓடு அப்படியே கிடக்கும். இதற்கு கண்கூட அவ்வளவாகத் தேவையில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நத்தையைப் பிடித்ததாக 19-ம் நூற்றாண்டிலேயே பறவையியலாளர் ஜெர்டன் எழுதியிருக்கிறார்.

நண்டு, தவளை, சின்ன மீன்களையும் சாப்பிடும். ஆனால் முக்கிய உணவு வயல் நத்தைதான். இளம் நெற்பயிரை நத்தைகள் மேய்ந்துவிடும் என்பதால், விவசாயிக்கு இது கூலி கேட்காத வேலையாள்!

சிக்கலும் அதே வயலில்தான். பூச்சிமருந்து கலந்த தண்ணியில் வளரும் நத்தை நேராக இதன் வயிற்றுக்குள் போகிறது. நத்தையே இல்லாமல் போனால் நாரைக்கு இங்கே வேலை இல்லை. ‘கொக்கு கறி’ என்று இதைப் பிடிப்பவர்களும் உண்டு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அது குற்றம்.

தென்னிந்தியாவில் நவம்பர் முதல் மார்ச் வரை கூடு கட்டும் காலம். நீர்நிலைகளையொட்டிய மரங்களில் கூட்டமாகக் கட்டும். வெயில் ஏறினால் தாயோ தந்தையோ இறக்கையை விரித்து குஞ்சுகளுக்கு குடை பிடிக்கும். வளர்ந்த நாரை பெரிதாக கத்தாது. அலகைத் தட்டி ‘கடகட’ என சத்தம் எழுப்பும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தில் இவை கூடு கட்டுவதால், பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு பட்டாசே வெடிப்பதில்லை. பிள்ளைகளும்கூட!

நம்ம பக்கத்தில் இவற்றைப் பார்க்க கரைவெட்டிக்குப் போகலாம். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்கு புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக காவிரித் தண்ணி வருகிறது. 1999-ல் சரணாலயமான இதற்கு, 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ‘ராம்சர்’ ஈரநில அந்தஸ்து கிடைத்தது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் இங்கே தங்கும். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க. காலையிலேயே போவது நல்லது.