மை லாய்: மூடிய கோப்பைத் திறந்த கடிதம்

1968 மார்ச் 16. தெற்கு வியட்நாமின் குவாங் ஙாய் மாகாணத்தில் உள்ள சோன் மி கிராமத்துக்குள் அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி நுழைந்தது. திருப்பிச் சுட அங்கே எவரும் இல்லை. ஆனாலும் முதியவர், பெண்கள், கைக்குழந்தைகள் என்று பாராமல் வீரர்கள் சுட்டுத் தள்ளினர். அன்று அந்தக் கிராமத்தில் இறந்தவர்கள் 504 பேர் என்கிறது வியட்நாம். அதிலுள்ள மை லாய் குடியிருப்பில் மட்டும் 347 பேர் என்பது அமெரிக்க ராணுவம் பிற்பாடு எடுத்த கணக்கு. சம்பவம் நடந்தபோது பத்திரிகைகளுக்குப் போன செய்தியோ, எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது.

ராணுவத்துக்குத் தெரியாதா?

அன்றே தெரியும். ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், வீரர்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். தளம் திரும்பியதும் மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார். அதை விசாரித்தவர் ஓரன் ஹெண்டர்சன். தாக்குதல் நடத்திய பிரிகேடின் தளபதியே அவர்தான். தவறுதலாக 20 பொதுமக்கள் இறந்தனர் என்று எழுதிக் கோப்பை மூடினார்.

எப்படி வெளியே வந்தது?

ரான் ரைடனவர் என்ற இளம் வீரர் சம்பவ இடத்தில் இருந்தவரல்லர். அங்கிருந்த வீரர்கள் சொல்லக் கேட்டதை ஒன்றுசேர்த்து, ஊர் திரும்பியபின் 1969 மார்ச்சில் கடிதமாக எழுதினார். அதிபர் நிக்சன், பென்டகன், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என ஏறத்தாழ 30 பேருக்கு அனுப்பி, பகிரங்க விசாரணை கேட்டார். ராணுவம் மறுபடி விசாரிக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் விஷயத்தை அம்பலப்படுத்தினார். ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்களும் அடுத்தடுத்து அச்சேறின.

யாருக்குத் தண்டனை?

ஜெனரல் வில்லியம் பியர்ஸ் தலைமையிலான குழு, மூடிமறைப்பு டிவிஷன் தலைமை வரை எட்டியதைக் கண்டறிந்தது. தண்டனை பெற்றவரோ லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர்தான். 1971இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடைபட்டிருந்த காலத்தின் பெரும்பகுதியை வீட்டுக்காவலில் கழித்து 1974இல் வெளியே வந்தார். ஹெண்டர்சனை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது.

போர்க்குற்றப் புகார் எழும்போதெல்லாம் சுயாதீன விசாரணை கேட்கப்படுவது ஏன் என்பதற்கு இந்த வழக்கே விடை. தன்னைத் தானே விசாரித்த படை எண்ணியது 20. வெளியிலிருந்து நெருக்கடி வந்தபின் அதே ராணுவம் எண்ணியது 347. எண்ணிக்கையைத் திருத்த அந்த நெருக்கடி போதுமானதாக இருந்தது. ஆனால் வழக்குகளை நடத்தியதும் தீர்ப்பளித்ததும் ராணுவமே என்பதால், பொறுப்பு ஒரு லெப்டினன்டோடு நின்றுவிட்டது.