நெற்களஞ்சியத்தின் மரத்தைப் பேணுதல்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில் நெற்செய்கை செய்யும் கமக்காரர் பலர், பயிரைப் பூச்சியினின்றும் நோயினின்றும் காப்பதில் காட்டும் கவனத்தை, விளைந்த நெல்லைத் தாங்கி நிற்கும் மரத்தின்மேல் காட்டுவதில்லை. களஞ்சியத்தின் ஒரு கால் உக்கிச் சரியுமாயின் அதன் பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவர் பிளந்து, மழைநீர் உட்புகுகின்றது. ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவில் பாழாகலாம்.

மரம் முதுமையினால் அழிவதில்லை. பிலிமத்தலாவைக்கு அண்மையில், உடுநுவரையில் அமைந்துள்ள எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் இதற்குத் தக்க சான்றாகும். கம்பளை அரசு நிலவிய 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது இத்தேவாலயம். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒன்றாகப் பிணைக்கும் 'மடொல் குருபாவ' என்னும் பெருமர ஆப்பும் இன்றுவரை தன் இடத்தில் இருக்கின்றது. இத்தூண்களின் சிற்பங்களைக் காணச் செல்வோர் பலர். அவை நிற்கும் விதத்தைக் காண்போர் சிலரே. அவை மண்ணிலே நாட்டப்படாமல் உயர்ந்த மேடையின்மீது நிற்கின்றன. மேலே அகன்ற ஓட்டுக்கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் நனைந்த மரமும் காற்றில் விரைந்து உலர்கின்றது.

குளிர்நாடாகிய நோர்வேயிலும் இதே அனுபவம் கிடைத்தது. அங்கே முற்காலத்தில் தூண்களை மண்ணில் புதைத்துக் கட்டிய மரத்தேவாலயங்கள் உக்கி அழிந்தன. பின்னர் கல்லின்மேல் மரச்சட்டமிட்டு எழுப்பியவற்றுள் சில, 12ஆம் நூற்றாண்டிலிருந்து நிலைத்துள்ளன.

கண்டிச் சிங்களக் கிராமங்களில் 'வீ பிஸ்ஸ' எனப்படும் பழைய நெற்களஞ்சியமும் இம்முறையிலேயே அமைந்தது. கற்களின்மேல் மரக்கால்களோ மரத்துண்டங்களோ வைத்து, அவற்றின்மேல் கூடைபோல் பின்னிய சுவரெழுப்பி, களிமண்ணும் சாணமும் பூசுவர். கூம்புக் கூரையைத் தூக்கி உள்ளே நெல்லைக் கொட்டுவர். தாழ்வாரம் நன்றாக வெளியே நீண்டு சுவரைக் காக்கும்.

மரத்தை உக்கச் செய்வது பூஞ்சணம். அது வளர ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதன் நூற்றுக்கு 20க்குக் கீழ் நின்றால் பூஞ்சணம் வளராது. நெல்லை 14 வீத ஈரப்பதனுக்கு உலர்த்திச் சேமிக்கும் கமக்காரருக்கு இது புதிய செய்தியன்று. கண்டி நகரில் ஆண்டொன்றுக்கு 1,800 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஆகவே நனையாத மரத்தைத் தேடுவதைவிட, நனைந்தது உலர வழிசெய்வதே அறிவுடைமை. மரத்தின் பக்கங்களைக் காட்டிலும் வெட்டுமுனைகளே மிக விரைவாக நீரை உறிஞ்சும். கால்களின் அடிமுனையும், வெளியே நீட்டிய கைமர முனைகளும் முதலில் உக்குவது இதனாலேயே.

இங்கு ஒரு தவறான வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். கால் உக்கியதும் அதனைச் சுற்றிச் சீமெந்துக் கொங்கிறீற்று வார்த்துவிடுகின்றனர். பார்வைக்கு அது உறுதியாகத் தோன்றும். மரம் உலர்ந்து சுருங்கியவுடன் நடுவில் உண்டாகும் இடைவெளியில் மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கும். கால் முன்னிலும் விரைவாக உக்கும். களஞ்சியத்துக்கு முட்டுக்கொடுத்து, உக்கிய பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெறிந்து, அந்த அளவுக்குக் கல்லையோ கொங்கிறீற்றையோ நிலத்திலிருந்து உயர்த்தி, அதன்மேல் காலை நிறுத்துவதே முறையாகும். மேற்பரப்பு நீர் வழிந்தோடும்படி சற்றே சரிவாக இருத்தல் வேண்டும்.

கறையானுக்கும் இதுவே முதற் காவல். நிலத்திலிருந்து வரும் கறையான், மண்ணுடன் தொடர்பு அறாதபடி மண்குழாய் கட்டிக்கொண்டே மேலேறும். காலுக்கும் கல்லுக்கும் இடையே, விளிம்பு கீழ்நோக்கி வளைந்த தகரத்தை வைத்தால், கறையான் அதைச் சுற்றி வெளிப்படையாகக் குழாய் கட்ட நேரிடும். கண்ணிற் பட்டதும் சுரண்டி அழிக்கலாம். தகரம் கறையானைக் கொல்வதில்லை, காட்டிக்கொடுக்கின்றது. ஆகையால் கிழமைக்கு ஒருமுறையேனும் குனிந்து பார்ப்பவருக்கே அது பயன்படும். கூம்பு வடிவான அகன்ற தகரத்தை நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் பொருத்தினால் எலிகளையும் அது தடுக்கும்.

மாவுபோன்ற தூளைக் கொட்டும் சிறு வண்டுகள் வேறு வகையின. இவை மாச்சத்துள்ள வெளிற்றுப் பகுதியைத் தேடி உளுக்கச் செய்கின்றன. பலாமரத்தின் மஞ்சள் நிற வைரத்தைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. எனவே புதிய கால்களுக்கு வெளிறு நீக்கிய பலா நன்று. எனினும் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பலாவை வெட்ட முன்னனுமதி பெறுதல் அவசியம். மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் அமிழ்த்தி வைத்தால் மாச்சத்துக் கரைந்து, வண்டின் தொல்லை குறையும்.

மழைபடாத கூரை மரங்களுக்கு, 40 கிராம் போரிக் அமிலமும் 60 கிராம் வெண்காரமும் ஒரு லீற்றர் சுடுநீரில் கரைத்துப் பூசலாம். பூசும்போது கையுறை அணிக. மழைநீர் இம்மருந்தைக் கழுவிவிடுமாதலால் வெளிக்கால்களுக்கு இது உதவாது. நெல் படும் உட்பக்கத்தில் இதனையோ வேறு எந்த மருந்தையோ பூசலாகாது. கழிவு எஞ்சின் எண்ணெய் பூசும் பழக்கம் பரவலாக இருப்பினும், அதிலுள்ள நச்சுப்பொருள்கள் தோலுக்கும் உணவுக்கும் மண்ணுக்கும் கேடானவை. ஒருகாலத்தில் கறையானுக்கெனப் பயன்பட்ட அல்ட்ரின், டீல்ட்ரின் ஆகியவை 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளாகச் சேர்க்கப்பட்டன. பழைய தகரப்பேணிகளில் அவை எஞ்சியிருப்பின் தொடாதிருத்தல் வேண்டும்.

வெளிமரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்கலாகாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. அவற்றை விரித்து வெளியில் உலர்த்துக.

காலபோக அறுவடைக்கு முன்னர், களஞ்சியம் வெறுமையாகவும் வானம் வெளித்தும் இருக்கும் தை, மாசி மாதங்களே இப்பணிக்கு ஏற்றவை. கூரிய கத்திமுனையால் ஒவ்வொரு காலையும் அடியிலே குத்திப் பார்க்க. முனை எளிதில் இறங்கினாலோ, தட்டும்போது வெற்றோசை கேட்டாலோ, புதுநெல் வருமுன் அக்காலை மாற்றிவிடுக.