மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

இதயத்தின் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது எக்கோவில் தெரிந்த பிறகும், "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு ஆபரேஷன்?" என்று கேட்பவர்கள் ஏராளம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நன்றாக நடமாடும் ஒருவர் நெஞ்சைத் திறக்கச் சம்மதிப்பது எளிதல்ல. மருத்துவமும் அரை நூற்றாண்டாக அந்த நியாயத்தை ஏற்றே வந்தது. 1968இல் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயின் போக்கைத் தொகுத்துக் காட்டினார்கள். அறிகுறி இல்லாத காலம் நீண்டது, ஆபத்தும் குறைவு; நெஞ்சுவலி தொடங்கினால் சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்தால் 3, இதயம் தளர்ந்துவிட்டால் 2 ஆண்டுதான் ஆயுள். ஆகவே அறிகுறி வரும்வரை பொறு, வந்ததும் தாமதிக்காதே என்பது விதியாயிற்று. அறுவை சிகிச்சையே பெரிய கண்டமாக இருந்த காலத்துக்கு அது பொருத்தமான விதி. இன்று எல்லோருக்கும் அதையே சொல்வது தவறு என்பதே என் வாதம்.

முதலில், அறிகுறி இல்லை என்பதற்கு என்ன பொருள்? நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் இந்த வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகி, 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போகும்போது, அல்லது அதன் வழியே பாயும் இரத்தத்தின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தொடும்போது, சுருக்கம் கடுமையானது என்கிறார்கள். வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறக்கும் நூற்றில் ஓரிருவருக்கு இந்தச் சுருக்கம் முன்கூட்டியே வந்துவிடலாம். குறுகிய வாய் வழியே இரத்தத்தைத் தள்ள இடது கீழறையின் தசை தடித்துக்கொள்கிறது. தடித்த தசை பல ஆண்டுகள் ஈடுகொடுப்பதால்தான் நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் தசைக்குள் தழும்பு விழத் தொடங்கலாம். வால்வை மாற்றிய பிறகு தடிப்பு குறையும்; நிலைத்துவிட்ட தழும்பு போகாது. இன்னொன்று, மனிதர்கள் தங்களை அறியாமலே வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டு, வயதாகிவிட்டது என்று காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். தொந்தரவே இல்லை என்று சொன்னவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அறிகுறி வெளிப்பட்டது.

மருந்தால் நிறுத்த முடியாதா என்பது அடுத்த கேள்வி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரைகள் மீது ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 2005இலும் 2008இலும் வெளியான சோதனைகள் அதைப் பொய்யாக்கின. கொழுப்பு இறங்கியது, சுருக்கம் நிற்கவில்லை. கடுமையான சுருக்கத்துக்கு இன்றுவரை வால்வை மாற்றுவதே வழி. அதை எப்போது செய்வது என்பதில்தான் விவாதம்.

கொரியாவில் மிகக் கடுமையான சுருக்கம் இருந்தும் அறிகுறி இல்லாத 145 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2019இல் வந்தது. காத்திருந்தவர்களில் 15 சதவீதம் பேர் இதயக் காரணத்தால் இறந்தார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்களில் 1 சதவீதம். நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலெய்ன் கிரிபியே முதன்முதலில் செய்துகாட்டினார். அந்த முறையை வைத்து 65 வயது கடந்த 901 பேரிடம் நடந்த சோதனை 2024இல் வெளியானது. காத்திருந்த பிரிவில் 45 சதவீதம் பேருக்கு மரணம், பக்கவாதம், திட்டமிடாத மருத்துவமனை அனுமதி ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. முன்கூட்டியே வால்வு பொருத்திக்கொண்டவர்களில் 27 சதவீதம்.

இதை மறுப்பவர்களிடமும் வலுவான வாதம் உண்டு. 901 பேரில் இறப்பு மட்டும் என்று பார்த்தால் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மருத்துவமனை அனுமதிதான் கணக்கை மாற்றியது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 224 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் தெளிவான பலன் தெரியவில்லை. உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய சோதனையில் காத்திருந்தவர்களில் 87 சதவீதம் பேர் கடைசியில் வால்வு மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள்ளேயே. கடுமையான சுருக்கத்தில் காத்திருப்பு என்பது பெரும்பாலும் சில மாதத் தள்ளிப்போடல்தான் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

ஐம்பது வயதுக்காரரின் தயக்கம் வேறு வகை, அதற்கு மதிப்பு உண்டு. விலங்குத் திசுவால் செய்த வால்வு பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு போன்ற இயந்திர வால்வு உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், உறையும் நேரத்தைக் கணிக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடரும். இவர் சில காலம் ஒத்திப்போடுவது நியாயமே. சுருக்கம் நடுத்தரமாக இருப்பவர் அவசரப்படவே வேண்டாம். ஆனால் ஆபரேஷனை ஒத்திப்போடலாமே தவிர, எக்கோவை ஒத்திப்போடக் கூடாது: கடுமையான நிலையில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்க இடமில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய எக்கோ அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வால்வின் பரப்பு, இரத்த வேகம், இதயத் திறன் மூன்றும் போன தடவையிலிருந்து எவ்வளவு மாறின என்று கேளுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், போன ஆண்டு செய்த எந்த வேலையை இந்த ஆண்டு விட்டுவிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.