வேதமலைப் பெயர் தாங்கியவர்

மாமல்லபுரக் கடற்கரைக்கு மேற்கே சிறிது தொலைவில் நிற்கும் திருக்கழுக்குன்றம், மணிவாசகப் பெருந்தகை ஏழு பாடல் கொண்ட பதிகம் பாடிய மலை. விழாக்காலத்தில் மலை வலம் வந்தோர் பலர் திருவாசகப் படி ஒன்று வாங்கிச் செல்லுகின்றனர். வீடு சேர்ந்ததும் அந்நூல் பூசையறையில் மஞ்சளும் குங்குமமும் பெற்று அமர்ந்துவிடுகிறது. போற்றுதல் நன்றே. ஆயினும் மூடிய ஏடு ஒருவர் மனக்கவலையைத் தீர்த்ததாக யாம் கேட்டதில்லை.

திறந்த ஏட்டால் உயர்ந்த ஒருவர் இம்மலையின் பெயரையே தாங்கியவர். நாகப்பட்டினத்துச் சொக்கநாதரும் சின்னம்மையாரும் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி, வேதமலைப் பெருமானை வேண்டி நோன்பிருந்தனர். 1876 சூலை 15-ஆம் நாள் பிறந்த மகவுக்கு வேதாசலம் என்று பெயரிட்டனர். வேதம் மறை; அசலம் மலை. பின்னாளில் மறைமலையடிகள் என நாடு போற்றியது அவரையே.

இளமையிலேயே தந்தை மறைந்தார். பள்ளிப் படிப்பும் இடையில் நின்றது. அந்நிலையில் ஓர் இளைஞனின் உள்ளம் எவ்வழியும் சென்றிருக்கலாம். அவர் சென்றதோ, நாகையில் புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம்! அங்கே தமிழ் நூல்களைக் கற்றார். கல்லூரிப் பட்டம் ஒன்றும் இன்றியே 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1911-இல் அப்பணி நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். அவ்வூர் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

கற்றல் துயருற்ற மனத்துக்கு எங்ஙனம் துணையாகிறது? கவலை கொண்ட மனம் செக்குமாடு போல ஒன்றையே சுற்றுகிறது. சும்மா இரு என்றால் அஃது இராது. அதற்குப் பற்றுக்கோடு ஒன்று வேண்டும். நூலின் வரி கண்ணைப் பற்றுகிறது; பொருள் கருத்தைப் பற்றுகிறது. பாட்டாயின், வாய்விட்டு ஓதும்போது அடியின் முடிவு வரை மூச்சைச் சிறுகச் சிறுக விடவேண்டியிருக்கிறது. அங்ஙனம் வெளிமூச்சு நீளும்போது நெஞ்சின் துடிப்புத் தணிதலை உடற்கூறு அறிந்தோரும் ஒப்புவர். விரைந்து ஓதி முடிப்போர்க்கு இப்பயன் இல்லை. ஒரே நாளில் முற்றோதல் முடித்துப் பெருமை பேசுவோர் இதனைச் சற்றே எண்ணுவாராக.

இன்னொரு பயனும் உண்டு. நமக்குச் சொல்லத் தெரியாத துயரை நூல் சொல்லிவிடுகிறது. தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் காட்டும் திலகவதியாரை நினையுங்கள். தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தார். உயிர்விடத் துணிந்தவர், தம்பி ஒருவன் உளன் என்பதற்காக வாழ இசைந்தார். அத்தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசர். கொழுநனையோ மகனையோ இழந்த ஒரு தாய் அப்பகுதியைப் படிக்கும்போது, தன் வீட்டில் அழ இயலாத அழுகையை அந்த ஏட்டின்முன் அழுது முடிக்கிறாள். பிறர் துயர்க்கு இரங்கும் பயிற்சியும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஐம்பது வயது கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. நூல் படிப்போர், படியாதாரினும் ஏறத்தாழ 23 மாதம் மிகுதியாக வாழ்ந்தனர் என்கிறது. கல்வி, செல்வம், உடல்நலம் முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும் அவ்வாறே. எனினும் நூலே முழுக் காரணம் என்று அறுதியிட இவ்வகை ஆய்வு போதாது. உறக்கமும் உணவும் மறந்து மாதக்கணக்காய்த் துயரில் ஆழ்ந்திருப்போர்க்கு மருத்துவரே முதல் துணை; நூல் அதற்கு அடுத்தது.

நெடுவாழ்வைப் பற்றி அடிகளும் எண்ணியிருந்தார்கள். 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' என்றே ஒரு நூல் செய்தார்கள். ஆயின் அவர்கள் வாழ்ந்தது எழுபத்துநான்கு ஆண்டே. 1950 செப்டம்பர் 15-ஆம் நாள் மறைந்தபோது, வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைப் பொதுமக்களுக்கே விட்டுச் சென்றார்கள். அவற்றைக் கொண்டு சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறந்தது. பின்னர் அது கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாறியது. செங்கற்பட்டுக்கு வடக்கே இருப்புப்பாதை ஓரத்தில் எழுந்த நகருக்கும் மறைமலைநகர் என்று பெயர் வைத்தனர். இரயிலில் அதனைக் கடந்து செல்வோர் பலர்க்கு, அப்பெயர் கழுக்குன்றத்து இறைவனுடையது என்பது தெரியாது.