மாசியில் ஒரு நாற்றுத் தட்டு

திண்டுக்கல் வெயில் டூலிப் மலருக்கு உகந்ததன்று. அதன் கிழங்கு 10 டிகிரிக்குக் குறைந்த குளிரில் 12 வாரமேனும் இருந்தால்தான் நன்கு பூக்கும். ஸ்ரீநகர்த் தோட்டத்தில் அது மலரும் பங்குனியில் இங்குக் கோடை தொடங்கிவிடுகிறது. ஆதலின், பூச்செடி கேட்போருக்கு நாங்கள் சொல்வது: நிலக்கோட்டை மல்லிகைக் கன்று ஒன்று, அருகில் ஒரு நாற்றுத் தட்டு.

மட்கிய தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய குழித்தட்டில், குழிக்கு ஒரு கத்தரி அல்லது தக்காளி விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இடுங்கள். பூவாளியால் நீர் தெளியுங்கள். தட்டின் அடியில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு அத்தகைய நீரில் பெருகும். 25 முதல் 30 நாளில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். மிளகாய்க்கு 40 நாள் வரை பொறுக்க வேண்டும். மாலையில் மாற்றுங்கள். (நண்பகலில் மாற்றி ஒரு தட்டு நாற்றையே நாங்கள் இழந்திருக்கிறோம்.)

மண்ணை எப்போது தொடலாம் என்றே பலரும் கேட்கின்றனர். அறுவைப் புண் முழுதும் ஆறும்வரை வேண்டா. நீரிழிவு உள்ளோர் செருப்பின்றித் தோட்டத்தில் இறங்கலாகாது. உணர்விழந்த பாதத்தில் முள் தைத்ததே தெரியாது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோரும் மருத்துவர் இசைவின்றி மண்ணையோ உரத்தையோ கிளறவே கூடாது. அவற்றிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். அவர்கள் சற்றுத் தள்ளி நாற்காலியில் அமர்ந்து இலைகளை எண்ணட்டும்; நீர் ஊற்றுவதும் மாற்றி நடுவதும் வீட்டார் பணி.