நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

இரண்டு மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம். பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் இறப்பவர்கள் ஒன்றில் குறைவு. இன்னொன்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: முதல் மருத்துவமனையின் சர்ஜன் கைராசிக்காரர், அங்கே சிக்கலே வருவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமீர் கஃபேரியும் அவருடைய சகாக்களும் இதைச் சரிபார்க்க, 84,730 நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். முடிவு 2009-இல் வெளியானது.

இறப்பு குறைவாக இருந்த மருத்துவமனைகளில் 3.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதிகமாக இருந்தவற்றில் 6.9 சதவீதம். ஆனால் சிக்கல் வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், முதல் வகையில் 24.6 சதவீதம், இரண்டாம் வகையில் 26.9. கிட்டத்தட்ட ஒன்றேதான். ரத்தக்கசிவு, நிமோனியா, சீழ், சிறுநீரகக் கோளாறு எல்லாம் நல்ல மருத்துவமனையிலும் வந்தன, மற்றதிலும் வந்தன. வித்தியாசம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது. பெரிய சிக்கலில் மாட்டியவர்களில் முதல் வகை மருத்துவமனைகள் 12.5 சதவீதம் பேரை இழந்தன. இரண்டாம் வகை 21.4 சதவீதம் பேரை.

இதற்கு 1992-லேயே ஜெஃப்ரி சில்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மீட்கத் தவறுதல். சிக்கல் வருவது நோயாளியின் வயது, சர்க்கரை, இதயம், புகைப்பழக்கம் என்று பலவற்றைப் பொறுத்தது. வந்த சிக்கலிலிருந்து அவரை மீட்பது, அது யார் கண்ணில் எப்போது படுகிறது என்பதைப் பொறுத்தது. சர்ஜன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ரவுண்ட்ஸ் வருவார். இருபத்துநான்கு மணி நேரமும் கட்டிலருகே இருப்பவர் செவிலியர். அவர் என்ன பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்பதற்குள் ஓர் ஆழமான உடலியல் இருக்கிறது. நம்மில் பலர் அதை 'பிபி பார்த்துவிட்டுப் போகிற வேலை' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூச்சிலிருந்தே தொடங்கலாம். அறுவை முடிந்த இரவு வலிக்கு மார்ஃபின் வகை மருந்து ஓடுகிறது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். விரல் நுனியில் மாட்டிய கருவி 98 என்று காட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் மகள் சொல்கிறாள்: "அப்பா இப்பதான் நல்லா தூங்குறார், எழுப்பாதீங்க சிஸ்டர்." அனுபவம் உள்ள செவிலியர் அந்த நேரத்தில்தான் எழுப்புவார். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கண் திறந்து பதில் சொல்கிறாரா, சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் பாதியில் உறங்கிப்போகிறாரா என்று கவனிப்பார்.

காரணம் இது. நாம் மூச்சுவிடுவது முக்கியமாக ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூளைத்தண்டு அதை உணர்ந்து அடுத்த மூச்சை இழுக்கச் சொல்கிறது. மார்ஃபின் அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. மூச்சின் எண்ணிக்கை 16-இலிருந்து 12 ஆகிறது, 9 ஆகிறது. கரியமில வாயு ஏறுகிறது. அதுவே மேலும் மயக்கத்தைத் தருகிறது. ஆனால் மாஸ்க் வழியாகக் கூடுதல் ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருப்பதால், நுரையீரலில் அதற்குத் தட்டுப்பாடு வருவதில்லை. ஆகவே விரல் கருவி கடைசி வரை நல்ல எண்ணையே காட்டும். அது விழத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கலாம். பெரும்பாலும் மூச்சு ஒடுங்குவதற்கு முன்னால் மயக்கம் ஆழமாகிறது. அதனால்தான் எழுப்பிப் பார்ப்பது ஒரு பரிசோதனை. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களிலேயே மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

மூச்சை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்' என்று சொன்னால் யாருடைய மூச்சும் இயல்பாக இருக்காது. எனவே செவிலியர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார். எந்த இயந்திரமும் கேட்காத நிமிடம் அது. நெரிசலான வார்டில் முதலில் பலியாவதும் அந்த நிமிடம்தான்: எண்ணாமலே 18 அல்லது 20 என்று சார்ட்டில் எழுதிவிடுகிற வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. உடல் சீர்குலையும்போது மிக முன்னதாக மாறும் அளவுகளில் ஒன்றை இப்படிக் கைவிடுவது எனக்குப் பெரும் வேதனை தரும் விஷயம்.

அடுத்தது ரத்தக்கசிவு. வயிற்றுக்குள் தையல் போட்ட ஒரு நாளம் மெல்லக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே கட்டுத்துணியில் ஒரு துளி இல்லை. கசிவை வடிக்கும் டிரெயின் குழாயின் பாட்டிலிலும் அதிகம் இல்லை. ஆனால் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் பாட்டில் காலியாகத்தான் இருக்கும் என்பது செவிலியருக்குத் தெரியும். பிபி 118. பார்ப்பவர்களுக்கு நிம்மதி.

உடலோ உள்ளே கடுமையாகப் போராடிக்கொண்டிருக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாய்களை இறுக்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. வறட்சிக் காலத்தில் கடைமடைக்குப் போகும் மதகுகளை மூடி, குடிநீர் ஏரிக்கு மட்டும் தண்ணீர் விடுவதைப் போன்ற ஏற்பாடு. இளைஞர்களின் உடல் இதை அவ்வளவு திறமையாகச் செய்வதால், மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போன பிறகுதான் பிபியின் மேல் எண் தெளிவாக விழத் தொடங்கும். விழுந்தால் வேகமாக விழும்.

எனவே பிபிக்கு முன்னால் மாறுகிறவற்றைப் பார்க்க வேண்டும். கைகால் சில்லிடுகிறது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும், தாமதிக்கிறது. நாடி 84-இலிருந்து 104, 116 என்று ஏறுகிறது. மேல் எண் அப்படியே நிற்க, கீழ் எண் மட்டும் ஏறி இரண்டுக்கும் இடைவெளி சுருங்குகிறது: 120/76 என்று இருந்தது 116/94 ஆகிறது. சிறுநீர்ப் பையில் மணிக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லி, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 30 மில்லியாவது சேரவேண்டும். அது 20 ஆகி, 10 ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு சொல்லலாம். நாடி வலியால் ஏறியது என்று சொல்லலாம். ஏசி குளிரில் கை சில்லிட்டது என்று சொல்லலாம். எல்லாம் ஒரே திசையில் நகர்வதை ஒரே மனம் சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும்: ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி எதிர்பார்த்தபடி ஏறாது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் உள்ள அந்த மாத்திரையின் பெயர் நள்ளிரவில் செவிலியரின் நினைவில் இருந்தாகவேண்டும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வேறு வகை ஆபத்துகள். குடலை வெட்டி இணைத்திருந்தால் அந்த இணைப்பு கசியத் தொடங்குவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தொடக்கத்தில் காய்ச்சலும் இருக்காது, வயிறும் இறுகியிருக்காது. காரணம் தெரியாமல் நாடி மட்டும் வேகமாக ஓடும். நேற்று இட்லி கேட்டவர் இன்று வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதியவர்களிடம் இது இன்னும் மறைவானது. அவர்களுக்குத் தொற்று முற்றியும் காய்ச்சல் வராமல் போகலாம்; அதற்குப் பதில் புத்தி தடுமாறும். சிலர் கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். அவர்களை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். பலர் சத்தமில்லாமல் ஒடுங்கிப்போய், கேட்டதற்கு மட்டும் முனகிவிட்டுப் படுத்திருப்பார்கள். 'தாத்தா தொந்தரவே பண்ணலை' என்று பாராட்டப்படும் அந்த அமைதி, குறைந்த ஆக்ஸிஜனாலோ தொற்றாலோ மருந்தாலோ தடுமாறும் மூளையின் அடையாளமாக இருக்கலாம்.

அனுபவமுள்ள செவிலியர்கள் சில சமயம், "எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர், ஆனா எனக்கு இவரைப் பார்த்தா சரியாப் படலை" என்பார்கள். நீண்ட காலம் இது மருத்துவத்தில் மதிக்கப்படவில்லை. நெதர்லாந்தில் அறுவை வார்டுகளில் இந்தக் கவலையையே ஆராய்ந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோது அதற்குள் ஒன்பது கூறுகள் தெரிந்தன: மூச்சின் தன்மை மாறுவது, தோல் நிறம் மாறுவது, நடுக்கம், மனத்தெளிவு மாறுவது, பதற்றம், வலி, எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லாதது, நோயாளியே 'எனக்கு என்னவோ பண்ணுது' என்று சொல்வது, செவிலியரின் சொந்த அவதானிப்பு. அளவுகள் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே இந்தக் கவலை எழுந்துவிடுவதையும் கண்டார்கள். ஆயிரம் முகங்களைப் பார்த்த கண்கள், பெயர் வைக்கும் முன்பே ஒரு மாற்றத்தைப் பிடித்துவிடுகின்றன.

அந்தக் கவலைக்கு அதிகாரம் கொடுத்த இடம் ஒன்று உண்டு. 1990-இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் மருத்துவர் கென் ஹில்மனும் அவருடைய சகாக்களும் ஓர் அவசரக் குழுவை அமைத்தார்கள். வார்டு செவிலியர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் அதை நேரடியாக அழைக்கலாம். இப்படிப்பட்ட குழுக்களில் அழைப்பதற்குரிய காரணங்களின் பட்டியலில் 'நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது' என்பதும் இடம்பெற்றது. பிரிட்டன் 2012-இல் மூச்சு, ஆக்ஸிஜன், பிபி, நாடி, நினைவு, வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் முறையை நாடு முழுதுக்கும் கொண்டுவந்தது. கூட்டுத்தொகை 7 ஆனால் உடனடியாக உயர் மருத்துவர் வந்தாகவேண்டும். அந்த முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25 ஆகிவிட்டாலே மூன்று மதிப்பெண். 2024-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'மார்த்தா விதி', குடும்பத்தாரும் அப்படி நேரடியாக உதவிக்கு அழைக்க வழி திறந்தது. நம் ஊர் வார்டுகளில் கட்டிலருகே எப்போதும் ஒரு மகளோ மருமகனோ இருக்கிறார்கள். 'அம்மா நேத்து மாதிரி இல்லை' என்பது அவர்களால் மட்டுமே சொல்லக்கூடிய மருத்துவத் தகவல். அதை அவர்கள் தயங்காமல் சொல்லவேண்டும், கேட்பவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் எட்டுப் பேருக்கு ஒருவர், இருபது பேருக்கு ஒருவர் என்று நிற்கும் செவிலியரிடம் இந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆய்வாளர் லிண்டா ஏகெனும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், வழக்கமான அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 50 வயதுக்கு மேற்பட்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் உயர்ந்த இடங்களில் அது 7 சதவீதம் குறைந்திருந்தது. எண்ணிக்கைக்கு நிகராகப் படிப்பும் உயிர் காக்கிறது.

இதைச் சட்டமாக்கிப் பார்த்த இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். 2016-இல், குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில் பகலில் நான்கு நோயாளிக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று விதித்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து வெளிவந்த மதிப்பீட்டில், அந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்திருந்தது; மறுபடி சேர்க்கப்படுவது மற்ற மருத்துவமனைகளில் கூடியிருக்க, இங்கே கூடவில்லை. தங்கும் நாட்களும் குறைந்தன. கூடுதல் செவிலியர்களுக்குச் செலவான தொகையைப் போல் இரு மடங்குக்கும் மேல் மிச்சமானது.